தாத்தாவின் இரண்டு மெடல்: விற்பதா, மாட்டி வைப்பதா?

ஜெலுத்தோங் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறும்போது தாத்தாவின் இரண்டு மெடல் கிடைத்தது. ஒன்று வெள்ளி. மேலே ‘மலாயா’ என்று ஒரு சின்னப் பட்டை, ஊதாவும் பச்சையுமாக ரிப்பன், பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. இன்னொன்று பினாங்கு மாநில அரசு கொடுத்த பி.ஜே.எம். தாத்தா 1948இல் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சில வருஷம் தோட்டக் காவல் பார்த்தார். அப்புறம் ஜார்ஜ்டவுனில் பொம்பா (தீயணைப்பு) வேலை, லெபோ பந்தாய் நிலையத்தில் முப்பது வருஷம். மாமா மகன் இரண்டையும் விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்கிறான். பெரிய மாமா, “ராணுவ மெடலை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டு, பொம்பா மெடல் எல்லாருக்கும் கொடுப்பதுதானே” என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய காசு:
முதல் வேலை, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதியும் வேண்டாம். நம் வீடுகளில் குத்துவிளக்கு மாதிரி நினைத்துத் தேய்த்துத் தேய்த்தே பல மெடல்கள் மொட்டையாகிவிட்டன. விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருப்பார்கள். அதுதான் முதலில் அழியும்.

உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம். ‘மலாயா’ பட்டைக்குக் கணக்கு 16 ஜூன் 1948 முதல் 31 ஜூலை 1960 வரை, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் முழுக்க. பட்டாளத்துக்கும் கொடுத்தார்கள், போலீசுக்கும் கொடுத்தார்கள். கூர்க்காவும் ஆஸ்திரேலியனும்கூட வாங்கியிருக்கிறான். ஆகவே அரிய பொருள் இல்லை. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் நானே பார்த்திருக்கிறேன். மாமா மகன் மனக்கணக்கு போடுகிற அளவுக்குப் பணம் கிடைக்காது. விற்பதே முடிவு என்றாலும் இரண்டையும் பிரிக்காதீர்கள். ஒரே ஆளுடைய மெடல்கள் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு.

கித்தாக்காடு:
கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். 16 ஜூன் 1948 என்ன நாள்? சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட நாள். மெடலின் கணக்கே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜப்பான் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்களே, ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்களே, அவர்களுக்கு எந்தப் பட்டை, எந்த ரிப்பன்? தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 4 மே 1949இல் புடு சிறையில் தூக்கில் போட்டான் வெள்ளைக்காரன். அதே வருஷம் உங்கள் தாத்தா துரை பங்களா வாசலில் துப்பாக்கியோடு நின்றிருப்பார். இதைச் சுவரில் மாட்டி மாலை வேறு போடப் போகிறீர்களா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி கித்தாக்காடு, துரை பங்களாவுக்கு மட்டுமா காவல்? நம் ஆட்கள் குடியிருந்த லயத்துக்கும் அவர்கள்தானே நின்றார்கள்? எங்கள் பாட்டி சொல்வார்: ராத்திரி காட்டிலிருந்து வந்து அரிசி கொடு என்பான், விடிந்தால் போலீஸ் வந்து ஏன் கொடுத்தாய் என்பான். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எந்தப் பக்கம் நியாயம் என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் இருந்ததா? இருபது வயசுப் பையன், பால் மரம் சீவுவதை விட்டு மாசச் சம்பளம் வருகிற வேலைக்குப் போனார். அவ்வளவுதான்.

கித்தாக்காடு:
அக்கா, அதையேதான் நானும் சொல்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குப் போனார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூலி வாங்கிச் செய்த வேலைக்கு வீரப்பட்டம் எதற்கு? என் தாத்தா நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் இருந்தார். சாகும் வரைக்கும் ஒரு பித்தளை வில்லைகூட அவருக்கு வரவில்லை.

கேஎல் மருமகன்:
எனக்கு ஒரு சந்தேகம். பி.ஜே.எம். என்றால் பிங்காட் ஜாசா மலேசியாதானே? அதுவும் ராணுவத்தோடு சேர்ந்ததுதான். அப்படியென்றால் தாத்தா இரண்டு முறை ராணுவ மெடல் வாங்கியிருக்கிறார், பெரிய மாமாதான் தப்பு.

பழைய காசு:
இந்தக் குழப்பம் எப்போதும் வரும். பிங்காட் ஜாசா மலேசியா 2000க்கு அப்புறம் வந்தது. மெர்டேக்காவிலிருந்து (1957 சுதந்திரம்) 1966 கடைசி வரை இங்கே இருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையாட்களுக்கு நம் அரசாங்கம் கொடுத்தது. (பிரிட்டனில் ஒரு கூத்து: 2006இல் “வாங்கிக்கொள்ளலாம், குத்திக்கொள்ளக் கூடாது” என்றார்கள். முறையாகக் குத்திக்கொள்ள அனுமதி வந்தது 2011இல்.) பினாங்கு பி.ஜே.எம். வேறு, பிங்காட் ஜாசா மஷாராகாட். மாநில ஆளுநர் பிறந்தநாள் பட்டியலில் வரும். தாத்தாவுக்குக் கொடுத்தது அதுதான்.

கித்தாக்காடு:
ஆளுநர் பிறந்தநாள் பட்டியலா! டத்தோ பட்டம் மேலே, அதற்குக் கீழே பி.ஜே.கே. என்று இன்னொரு மெடல், கடைசியில் பி.ஜே.எம். கட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவனுக்கும் கிடைக்கும். பெரிய மாமா சொன்னதில் தப்பே இல்லை.

பொம்பா பென்சன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது. நான் 1974இல் சேர்ந்தவன். நாற்காலி போட்டவனுக்கும் கிடைக்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. அதற்காக நெருப்புக்குள் போனவனுக்குக் கிடைத்தது எப்படி மட்டமாகும்?

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் செங்கல் சுவர், உள்ளே மாடியும் கூரையும் எல்லாம் மரம். ஒரு கடையில் பிடித்தால் கூரை வழியாகப் பக்கத்துக் கடைக்கு ஓடும். கீழே எண்ணெய், கொப்பரை, மிளகாய் மூட்டை. மிளகாய் எரிகிற புகையை ஒருநாள் சுவாசித்துப் பாருங்கள், அப்புறம் மெடலைப் பற்றிப் பேசலாம். மாடிக்குப் போனால் நடுப் பலகையில் கால் வைக்கக் கூடாது, சுவரை ஒட்டியே நடக்க வேண்டும். உத்திரத்தின் முனை சுவருக்குள் இருப்பதால் அங்கே கொஞ்ச நேரம் தாங்கும். நடுவில்தான் முதலில் இறங்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயிற்சிப் பள்ளியும் இல்லை, இந்தத் தம்பியின் தாத்தா வயசில் இருந்த ஒரு பெரியவர். முன்னால் போய் ஒவ்வொரு பலகையாகக் காலால் தட்டிப் பார்ப்பார், நான் பின்னால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு போவேன். அவர் எந்த மெடலும் வாங்காமலே ரிட்டையர் ஆனார்.

1976 ஜனவரியில் மத்திய அரசு எங்களை எடுத்துக்கொண்டது. 1997இல் பெயரோடு ‘பெஞ்ஞெலாமாட்’ (மீட்பு) சேர்ந்தது. பாம்பு பிடிப்பதிலிருந்து விரலில் மாட்டிய மோதிரத்தை அறுப்பது வரை எல்லாம் நம் தலையில். 2018 அக்டோபரில் பூச்சோங் பக்கம் ஈயக்குட்டையில் விழுந்த ஒரு பையனைத் தேடப் போய் ஆறு பேர் ஒரே சமயத்தில் தண்ணீரில் போய்விட்டார்கள். எல்லாரும் நீரில் மீட்கப் பயிற்சி எடுத்தவர்கள். கூலி வாங்கிச் செய்த வேலை என்று அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்வீர்களா, கித்தாக்காடு?

கித்தாக்காடு:
ஐயா, அவர்களை நான் எங்கே சொன்னேன்? என் சண்டை அந்த வெள்ளி மெடலோடுதான். பொம்பா மெடலைப் பற்றிச் சொன்னது அவசரம், வாபஸ். ஆனால் ஒன்று, பெரிய மாமா ‘ராணுவ வீரர்’ என்று எழுதி மாட்டினால் அது பொய். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் போலீஸ்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
விற்கிற பேச்சுக்கு என் பதில். எங்கள் வீட்டிலும் ஒரு மெடல் இருந்தது. ஒரு ஜனவரியில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அப்பா பாஜாக்கடையில் (அடகுக்கடை) வைத்தார். மீட்கவே இல்லை. அவர் அதைப் பற்றி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நான்தான் படித்தேன். அவசரத்துக்கு விற்றால் தப்பில்லை தம்பி. பங்கு போட விற்பதுதான் அசிங்கம்.

ஜெலுத்தோங் பேரன்:
எல்லாருக்கும் நன்றி. பழைய காசு அண்ணன் சொன்னபடி விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எண் இருக்கிறது. ஆனால் பெயர் தாத்தாவுடையது இல்லை, அவர் அப்பாவுடையது. முன்னால் ஒரே ஒரு எழுத்து மட்டும் தாத்தாவுடையது. தப்பாக அடித்துவிட்டார்களா?

பழைய காசு:
தப்பில்லை. வெள்ளைக்காரன் வழக்கப்படி கடைசியில் வருவது குடும்பப் பெயர். நம்மில் கடைசியில் வருவது அப்பா பெயர். அதனால் மகன் வாங்கிய மெடலில் அப்பா பெயர் முழுசாக ஏறிவிடும்.

ஜெலுத்தோங் பேரன்:
அந்தப் பெரிய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். அவர் பெயர் போட்ட காகிதம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கல்லறையும் இல்லை, தோட்டத்தை வீடமைப்பாக மாற்றிவிட்டார்கள். மாமா மகனிடம் சொன்னேன். அவன் இன்னும் விலைதான் கேட்கிறான்.

கித்தாக்காடு:
கூலியாக வந்தவர் பெயர் வெள்ளைக்காரன் வெள்ளியில். சரி, அதை விற்காதே. மாலை போடுவதில் என் கருத்து மாறவில்லை.

பொம்பா பென்சன்:
தம்பி, மாநில மெடலில் பெயர் இருக்காது. அதனால் அதோடு கொடுத்த வாத்திக்கா, அதாவது சான்றுக் கடிதம், முக்கியம். முத்திரை வைத்துக் கெட்டிக் காகிதத்தில் இருக்கும். அது இல்லாவிட்டால் யாருடையது என்றே சொல்ல முடியாது. பெட்டியில் நன்றாகத் தேடிப் பாருங்கள்.

ஜெலுத்தோங் பேரன்:
கிடைத்தது ஐயா. பெட்டிக்கு அடியில் விரித்திருந்த காகிதமே அதுதான். எழுத்துப் பக்கம் கீழே இருந்ததால் தாத்தா பெயர் தெளிவாக இருக்கிறது. முதுகுப் பக்கம் முழுக்க அம்மாவின் கல்யாணச் சேலையின் சாயம்.