58 வயது அண்ணாச்சிக்கும் 29 வயது தம்பிக்கும் ஒரே பரிசுப் பட்டியலா? அரை மாரத்தான் பரிசைப் பிரிப்பது எப்படி?

வண்ணாரப்பேட்டை விடியல் (கேள்வி):

ஜனவரியில் பாளையங்கோட்டையில் ஓர் அரை மாரத்தான். 300 பேர் வரலாம், அதில் பெண்கள் 40 பேர் இருந்தால் அதிகம். பரிசுப் பணம் 60,000 ரூபாய். இதுவரை ஆண்கள், பெண்கள் என்று இரண்டே பட்டியல். இந்தத் தடவை வயதுப் பிரிவு வைக்கலாமா என்று பேசப் போய், மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

போன ஓட்டத்தின் முடிவுகளை எக்செலில் போட்டுப் பார்த்தால், 20–29 வயதுக்காரர்களின் சராசரியைவிட 40–49 வயதுக்காரர்களின் சராசரி நன்றாக இருக்கிறது. "பெரியவங்கதான் வேகமா ஓடுதாங்க, அப்புறம் எதுக்குத் தனிப் பரிசு?" என்கிறார் ஒருவர். பெண்கள் எண்ணிக்கை குறைவு, அதனால் பரிசும் பாதி போதும் என்பது இன்னொருவர் கட்சி. மூன்றாமவர் நாடுவாரியான சராசரி நேரப் பட்டியல் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து வந்து, வெளிநாட்டுக்காரரைச் சேர்த்தால் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது, தடை போடுங்கள் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் நல்லது.

---

தேரிமண்:

முதல் ஆளுடைய எக்செல் பொய் சொல்லவில்லை, ஆனால் அது அளப்பது வயதை இல்லை. இருபது வயதுக் கூட்டத்தில் பாதிப் பேர் டி-சர்ட்டுக்கும் மெடலுக்கும் வரும் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு மாதப் பயிற்சிகூட இருக்காது. 45 வயதில் காலை நாலரைக்கு எழுந்து ஷூ மாட்டுகிறவர் வருஷக்கணக்கில் ஓடுகிறவராக இருப்பார். பயிற்சி இல்லாத 45 வயதுக்காரர் வீட்டில் தூங்குகிறார், பட்டியலுக்கே வருவதில்லை. ஆக, சராசரி காட்டுவது யார் வந்தார்கள் என்பதைத்தான். வயது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு வயதிலும் முதல் ஐந்து சதவீதத்தை எடுத்துப் பாருங்கள், வரிசை நேராகிவிடும்.

வயது செய்வது இதுதான். நீண்ட தூர ஓட்டத்தில் உச்சம் பெரும்பாலும் 25-லிருந்து 35-க்குள். அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கலாம்: கென்யாவின் கிப்சோகே 2022-ல் பெர்லின் மாரத்தானை 2:01:09-இல் ஓடியபோது அவருக்கு வயது 37. விடாமல் பயிற்சி செய்கிறவருக்கு 35-லிருந்து 60 வரை வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதமோ அதற்குக் கொஞ்சம் கீழோதான் இழப்பு. எழுபதைத் தாண்டினால் சரிவு செங்குத்தாகும். கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் மாரத்தானை 2:54:48-இல் முடித்தார். 85 வயதில் அவர் நேரம் 3:56:34. இரண்டுமே அந்தந்த வயதில் அசாத்தியமான ஓட்டங்கள். ஆனாலும் பன்னிரண்டு வருஷத்தில் 35 சதவீதம் போயிருக்கிறது, அதாவது வருஷத்துக்கு இரண்டரை.

குறைவது முக்கியமாக வி.ஓ.2 மேக்ஸ், அதாவது உடம்பு ஒரு நிமிஷத்தில் எடுத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு. உட்கார்ந்தே இருப்பவருக்குப் பத்து வருஷத்துக்குப் பத்து சதவீதம், ஓடிக்கொண்டே இருப்பவருக்கு அதில் பாதி. இதயத்துடிப்பின் உச்சம் குறைவது இதற்கு ஒரு காரணம், தசை கரைவது இன்னொன்று. ஒரே வேகத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற சிக்கனம் மட்டும் வயதானாலும் அவ்வளவாகக் கெடுவதில்லை. அதனால்தான் அறுபது வயதுக்காரர் வேகமான 5 கிலோமீட்டரில் தோற்று, நீண்ட தூரத்தில் இளைஞனை மடக்குவார்.

பெரியவர்களுக்கு 220-இல் வயதைக் கழித்துத் துடிப்பு எல்லை போடாதீர்கள். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது கிட்டத்தில் வரும். 40 வயதில் இரண்டும் 180 தான். 60 வயதில் பழைய கணக்கு 160, இது 166. அந்த ஆறு துடிப்பு, "நான் எல்லை தாண்டிட்டேன்" என்று பயந்து நிற்பதற்குப் போதும். இதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்னே பின்னே இருக்கும்.

பரிசுக்கு நான் சொல்வது ஏஜ் கிரேடிங். உலக மாஸ்டர்ஸ் அமைப்பின் பெயரில் ஒவ்வொரு தூரத்துக்கும், ஒவ்வொரு வயதுக்கும், ஆண் பெண் தனியாகக் காரணி அட்டவணை இருக்கிறது. ஓடிய நேரத்தைக் காரணியால் பெருக்கு, வருவது வயதுக்குத் திருத்திய நேரம். ஆணோ பெண்ணோ, அவரவர் பாலினத்தின் அடிப்படை நேரத்தை அதனால் வகுத்தால் சதவீதம். விளக்கத்துக்காகக் காரணி 0.82 என்று வைத்துக்கொள்வோம். 58 வயது அண்ணாச்சி 1:48:00, அதாவது 6,480 வினாடி. 0.82-ஆல் பெருக்கினால் 5,314, அதாவது 1:28:34. ஆண்களுக்கு அடிப்படையாக உகாண்டாவின் கிப்லிமோ 2021-ல் லிஸ்பனில் ஓடிய 57:31-ஐ வைத்தால் 64.9 சதவீதம். 1:32:00 ஓடிய 29 வயதுத் தம்பிக்குக் காரணி 1, கிடைப்பது 62.5. அண்ணாச்சி முன்னால்! மெய்யான காரணியை அட்டவணையில் பார்த்துப் போடுங்கள், நான் எழுதியதை அப்படியே எக்செலில் ஏற்றிவிடாதீர்கள்.

---

பொதிகைச் சாரல்:

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆள் குறைவு என்றால் பிரிவைக் குறையுங்கள், தொகையைக் குறைக்காதீர்கள். 21 கிலோமீட்டர் பெண்ணுக்கும் 21 தானே?

உச்சநிலையில் ஆண், பெண் இடைவெளி வியக்கும்படி நிலையாக இருக்கிறது. மாரத்தானில் 2023-ல் சிகாகோவில் கென்யாவின் கிப்டும் 2:00:35, அதே வருஷம் பெர்லினில் எத்தியோப்பியாவின் திக்ஸ்த் அசெஃபா 2:11:53. வித்தியாசம் 9.4 சதவீதம். அரை மாரத்தானில் மேலே சொன்ன 57:31-க்கு எதிரே 2021-ல் வலென்சியாவில் எத்தியோப்பியப் பெண் கிடே ஓடிய 1:02:52, அது 9.3. பருவமடையும் முன் பையனுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிறகு டெஸ்டோஸ்டிரோனால் ஆணுக்கு இதயமும் தசையும் பெரிதாகின்றன, ஹீமோகுளோபினும் ஏறுகிறது. பெண்ணுடம்புக்குக் கொழுப்பு கூடுதலாகத் தேவை, ஓடும்போது அது சுமை.

ஊர் ஓட்டத்தில் இடைவெளி இதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், மிச்சம் உடம்பினால் வந்ததில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தானே 1984-ல்தான் வந்தது. நம் பக்கம் விடிகாலை இருட்டில் தனியாக ஓட ரோடு கிடையாது, அதுதான் பெரிய தடை. அடுத்து இரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 15–49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இருக்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் வேகம் ஏறாது. 12 இருந்தும் மூச்சு வாங்கினால் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புக் கையிருப்பு அதில்தான் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்தால் பாதி வீண். எலுமிச்சைச் சாறோடு எடுத்து, டீக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும்.

பெண்கள் வேகத்தைச் சீராகப் பிடிப்பார்கள் என்பதும் உண்மை. அமெரிக்க மாரத்தான்களில் பதினாலை எடுத்துப் பார்த்ததில் இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 சதவீதம் தளர்ந்தார்கள், பெண்கள் 11.7. தூரம் மிக நீளும்போது இது கைகொடுக்கும். 2019-ல் இங்கிலாந்தின் ஸ்பைன் ரேஸ், ஏறக்குறைய 430 கிலோமீட்டர் குளிர்கால மலைப்பாதை, அதில் ஜாஸ்மின் பாரிஸ் ஆண்களையும் சேர்த்து முதலில் வந்தார், 83 மணி 12 நிமிஷம். அதற்காகத் தூரம் கூடினால் பெண்தான் ஜெயிப்பாள் என்று சட்டம் போடவும் முடியாது. அந்த மாதிரி ஓட்டங்களுக்கு வருகிறவர்கள் கொஞ்சப் பேர், அதில் ஒரு தேர்ந்த ஆள் போதும் பட்டியலைப் புரட்ட.

நிமிஷக் கணக்கில் சலுகை கொடுக்காதீர்கள், சதவீதமாகக் கொடுங்கள். 2026-க்கான பாஸ்டன் மாரத்தான் தகுதி நேரத்தில், அதாவது அதில் சேர முன்பே ஓடிக் காட்ட வேண்டிய நேரத்தில், எல்லா வயதிலும் பெண்ணுக்கு 30 நிமிஷம் கூடுதல். 18–34 ஆணுக்கு 2:55, அதில் 30 என்பது 17 சதவீதம். 80 வயதுக்காரருக்கு 4:50, அதில் அதே 30 வெறும் 10 சதவீதம். யாருக்குத்தான் தேவை அதிகம்?

---

வண்ணாரப்பேட்டை விடியல்:

அண்ணாச்சி, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. நாடு விஷயம்? கென்யாக்காரர் வந்தால் என்ன செய்ய?

---

தென்காசிக் காத்து:

60,000 ரூபாய் ஓட்டத்துக்குக் கென்யாவிலிருந்து ஆள் வருதாவளா வே! ரயில்வே, ராணுவம், விளையாட்டு விடுதின்னு வேற ஊருலேருந்து வாரவியதான் உங்க பரிசை அள்ளிட்டுப் போவாவ. அதுவும் தப்பு கெடையாது.

நாடுவாரிச் சராசரியத் தூக்கிக் குப்பையில போடுங்க. வெளிநாட்டுக்குப் போயி ஓடுதவன் அவன் நாட்டோட சராசரி ஆளா என்ன? விமான டிக்கெட் எடுத்து ஆறு மாசம் பயிற்சி எடுத்தவன். ஒரு நாட்டுல ஆயிரத்துல அம்பது பேரு ஓடுனா சராசரி சரியும், ரெண்டு பேரு மட்டும் ஓடுனா ஏறும். ஓட்டக் கலாச்சாரம் பரவின நாடுதான் அந்தப் பட்டியல்ல சோம்பேறியாத் தெரியும், வேடிக்கையப் பாத்தேளா.

உச்சியில கென்யா, எத்தியோப்பியா நிக்கது உண்மை. கென்யாக்காரங்கள்ல பெரும்பாலானவிய காலெஞ்சின் மக்கள், பிளவுப் பள்ளத்தாக்கு மேட்டுல இருக்கவிய. ஈத்தென் ஊரு 2,400 மீட்டர் உசரம், எத்தியோப்பியாவுல பெக்கோஜி 2,800. நம்ம அகத்தியமலை உச்சியே 1,868 தான். உசரத்துல வளந்த உடம்பு, மெலிஞ்ச கெண்டைக்கால், சின்ன வயசுலேருந்து ஓட்டம், ஜெயிச்சா குடும்பமே நிமிந்துடும்ங்கிற பணம், பக்கத்து வீட்டுலயே ஒரு சாம்பியன். எல்லாஞ் சேந்தது. இதுதான் அந்த ஜீன்னு எதையும் கண்டுபிடிச்சுக் காட்டல. ஜப்பான் கடல்மட்டத்துலதான் இருக்கு. 1920-லேருந்து ஹாகோனே தொடரோட்டம் நடத்தி, பல்கலைக்கழகப் பையங்களப் பத்துப் பத்துப் பேரா 217 கிலோமீட்டர் ஓட விட்டு, அங்க நல்ல ஓட்டக்காரங்க பெருங்கூட்டத்தையே உண்டாக்கிட்டாவ. நம்ம நாட்டுல சிவநாத் சிங் 1978-ல ஜலந்தர்ல ஓடுன 2:12:00 நாப்பது வருஷத்துக்கு மேலயும் அசையாம நின்னுச்சு. அது ரத்தத்தோட குறையில்ல, ஏற்பாட்டோட குறை.

தடை வேண்டாம். மும்பை மாரத்தான்ல சர்வதேசப் பட்டியலும் இந்தியப் பட்டியலும் தனித்தனி. நீங்க நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கவங்களுக்கு ஒரு ஆண் பரிசு, ஒரு பெண் பரிசுன்னு வச்சா சண்டை தீந்துது.

---

தேரிமண்:

அதையும் சேர்த்து 60,000-ஐப் பிரித்தால் இப்படி. ஆண் பொது 6,000, 4,000, 3,000. பெண் பொது அதே அளவு. இரண்டும் 26,000. ஆண்களுக்கு 35–44, 45–54, 55–64, 65-க்கு மேல் என நாலு பிரிவு. பெண்களுக்கு 35–49, 50-க்கு மேல் என இரண்டு, ஏனென்றால் 40 பேரை அதற்கு மேல் வெட்டினால் ஓடி முடித்தவரெல்லாம் பரிசுக்காரர். ஆறு பிரிவுக்கும் 2,000, 1,500 கொடுத்தால் 21,000. ஆண், பெண், வயது எல்லாம் கலந்த ஏஜ் கிரேடிங் பட்டியலுக்கு 5,000, 3,000, 2,000. உள்ளூர்ப் பரிசு தலா 1,500. சரியாக 60,000. ஒருவருக்கு ஒரு பரிசுதான், அவருக்குக் கிடைப்பதில் பெரியது எதுவோ அது. விதியை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள், மேடையில் அறிவித்தால் அடிதடி.

---

தென்காசிக் காத்து:

இன்னொரு விஷயம், வெயில். ஜனவரியில இங்க சூரியன் ஆறே முக்கால் வாக்குலதான் எட்டிப் பாக்கும், விடிகாலை 22, 23 டிகிரி. நல்ல ஓட்டக்காரனுக்குப் பிடிச்ச சூடு பத்து டிகிரிய ஒட்டித்தான், அதனால குளிர்ந்த ஊரு நேரத்தோட இத ஒப்பிடவே கூடாது. அஞ்சரைக்கு விசிலடிச்சா ஒன்றரை மணி ஓட்டக்காரன் ஏழுக்கு முடிச்சுட்டு நிழல்ல நிப்பான். மூணு மணி நேரம் எடுக்க பெரியவரு எட்டரை வரைக்கும் வெயில்ல வேகுதாரு. ரெண்டு பேரும் ஓடினது ஒரே ஓட்டம் இல்ல. மெதுவா வாரவங்களையும் 60 தாண்டினவங்களையும் அஞ்சு மணிக்கே விடுங்க, மத்தவங்க அஞ்சரைக்கு. ரெண்டாவது பிரிவு முந்தும்போது இடிச்சிக்காம ரோட்டோட வலப்பக்கத்த ஒதுக்கி வையுங்க.

தூரத்த ஜி.பி.எஸ். வாட்சுல அளக்காதிய, அது கூட்டியோ குறைச்சோ காட்டும். இரும்பு டேப்பால 300 மீட்டர் நேர்ரோட்ட அளந்து, அதுல சைக்கிளோட சக்கரச் சுத்த நாலு தடவ சரிபாத்துட்டு, ஓட்டக்காரன் எடுக்கக்கூடிய ஆகக் குறுகின வழியில சைக்கிள ஓட்டுங்க. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடச் சேக்கணும், மொத்தம் 21 மீட்டர். பாதை குட்டையாப் போச்சுன்னா ஏஜ் கிரேடிங் சதவீதம் எல்லாருக்கும் பொய்யா ஏறும்.

வயசுக்கு ஓட்டம் நடக்க தேதியக் கணக்கு வையுங்க, பிப், அதான் நெஞ்சுல குத்துத எண் அட்டை, அத வாங்க வரும்போதே ஆதார் அட்டையப் பாருங்க. 65 தாண்டின பல அண்ணாச்சிமாருக்குப் பிறந்த தேதி பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டதுதான். ஆதார்ல உள்ளதுதான் செல்லும்னு ஒரே வரியில முடிச்சிருங்க.

---

வண்ணாரப்பேட்டை விடியல்:

இரண்டு விசில் என்றால் பொதுப் பரிசு யாருக்கு என்று குழப்பம் வராதா? ஐந்து மணிக்குக் கிளம்பிய ஒருவர் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றால்?

---

தேரிமண்:

வந்து நிற்பார், தப்பில்லை, ஆனால் பொதுப் பரிசு அவருக்கு இல்லை. பொதுப் பரிசு வேண்டும் என்பவர் அஞ்சரைப் பிரிவில்தான் கிளம்ப வேண்டும், அங்கே விசில் அடித்ததிலிருந்து கணக்கு, முதலில் கோட்டைத் தொட்டவர் முதல். வயதுப் பிரிவும் ஏஜ் கிரேடிங்கும் சிப் நேரத்தில், அதாவது அவரவர் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து முடிவுக் கோடு வரை சிப் காட்டும் நேரத்தில். அதற்குத் தொடக்கக் கோட்டிலும் சிப்பைப் பதிவு செய்யும் மேட் விரிக்கச் சொல்லி டைமிங் ஆட்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். பணம் மிச்சம் பிடிக்க முடிவுக் கோட்டில் மட்டும் விரித்தால், சிப் நேரம் என்ற ஒன்றே இருக்காது.