ஆர்சி விமானம் ஆட்டோ மோடில் நேராகப் போகாமல் நெளிகிறது (பிக்ஸ்ஹாக் ஆட்டோபைலட் போர்டு, ஆர்டுபிளேன் மென்பொருள்)

கத்திவாக்கம்_காத்தாடி:
வணக்கம். கோரோபிளாஸ்ட் என்கிற பிளாஸ்டிக் அட்டையில் நானே வெட்டி ஒட்டிய விமானம், இறக்கை 1.4 மீட்டர். கையால் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஆட்டோவில் வே-பாயின்ட் (போக வேண்டிய புள்ளிகள்) போட்டு விட்டால் மட்டும் பாம்பு மாதிரி இடமும் வலமும் நெளிந்துகொண்டே போகிறது, உயரமும் நிற்பதில்லை, ஏறி ஏறி இறங்குகிறது. ரோல் கெயினைக் (பக்கச் சாய்வைத் திருத்தும் வீரியத்தை) குறை என்கிறார் ஒருவர், ஜிபிஎஸ்ஸை மாற்று என்கிறார் இன்னொருவர். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்க் காசைக் கொட்டுவதற்கு முன் எங்கே பார்க்கலாம்? மதியத்துக்கு மேல் எண்ணூர்ப் பக்கம் அடிக்கிற கடல்காற்றுதான் காரணமா?

ராயபுரம்_ஆர்சி:
தம்பி, ஜிபிஎஸ்ஸைத் தொடாதே. முதலில் எஃப்பிடபிள்யூஏ (ஃப்ளை பை வயர் ஏ) மோடில் பறக்கவிட்டு ஸ்டிக்கை விட்டுப் பார். அதில் வழிகாட்டல் கிடையாது, இறக்கையை மட்டமாகப் பிடிப்பது மட்டும்தான் வேலை. அங்கேயே ஆடினால் கோளாறு கெயினிலோ, ஏலரானை (இறக்கையின் அசையும் மடிப்பை) ஆட்டும் சர்வோ மோட்டாரிலோ இருக்கிறது. அங்கே அமைதியாக இருந்து ஆட்டோவில் மட்டும் நெளிந்தால் நாவ்எல்1 பீரியடை (கோட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்புவது என்கிற அமைப்பை) பார்க்க வேண்டும். இப்போதைய பதிப்புகளில் மாற்றாமல் விட்டால் அது 17. யாராவது குறைத்து வைத்திருந்தால் வளைவு கூர்மையாகும், கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். கடல்காற்று மேல் பழி போடாதே, அதற்கு விமானம் மூக்கைக் கொஞ்சம் சாய்த்து ஈடு கட்டிக்கொள்ளும். ஆனால் ட்யூனிங்கை விடியற்காலையில் வைத்துக்கொள், காற்று அடங்கியிருக்கும்.

கத்திவாக்கம்_காத்தாடி:
இன்று காலை பார்த்தேன் அண்ணா. எஃப்பிடபிள்யூஏவிலும் ஆடுகிறது, ஆனால் மெதுவாக.

மணலி_பெஞ்ச்:
மெதுவாக ஆடுகிறதா, அப்போ கெயின் அதிகம் என்பதை நான் நம்பமாட்டேன், அது இருந்தால் படபடவென்று துடிக்கும். கரண்ட் கொடுத்து வைத்துவிட்டு ஏலரானை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார். சர்வோ கை அசையாமலே ஏலரான் அசைந்தால் ஹார்ன் (கம்பி மாட்டும் கொம்பு) ஓட்டை பெரிதாகிவிட்டது, சர்வோ கையும் சேர்ந்து ஆடினால் சர்வோ பல் தேய்ந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஆட்டோபைலட் எவ்வளவு திருத்தினாலும் ஏலரானுக்குப் போய்ச் சேராது, பிறகு ஒரேயடியாகச் சேரும். நம்ம பக்கத்து உப்புக்காற்றில் சர்வோவையும் ஏலரானையும் இணைக்கும் கம்பி துருப்பிடித்து இறுகுவதும் உண்டு, அதையும் பார். இதெல்லாம் சரி செய்யாமல் ஆட்டோட்யூன் (கெயினைத் தானே கண்டுபிடிக்கும் மோட்) ஓட்டாதே, தேய்ந்த ஹார்னுக்கு ஏற்ற கெயின்தான் கிடைக்கும். சரி செய்தபின் ஆட்டோட்யூனில் ரோல் ஸ்டிக்கை இந்தக் கோடி அந்தக் கோடி வரை ஒரு 20 தடவை தள்ளு, பிட்சுக்கும் (மூக்கு ஏற்ற இறக்கத்துக்கும்) அப்படியே. பறப்புப் பதிவான லாகில் டெஸ்ரோல் (ஆட்டோபைலட் கேட்ட சாய்வு), ரோல் (கிடைத்த சாய்வு) இரண்டு கோடும் ஒட்டிப் போனால் முடிந்தது.

ராயபுரம்_ஆர்சி:
உயரத்தை அதற்கப்புறம்தான் தொட வேண்டும். காற்றுவேக சென்சார் இல்லையென்றால் க்ரூஸ் த்ராட்டிலை (சீராகப் பறக்கத் தேவையான மோட்டார் சக்தியை) சரியாகப் போடு, அந்த த்ராட்டிலில் ஸ்டிக்கை விட்டால் உயரம் மாறக்கூடாது. மாறினால் பிட்ச் ட்ரிம்மைத் திருத்து. அப்பவும் ஏறி இறங்கினால் டெக்ஸ் பிட்ச் டேம்பை (உயர ஆட்டத்தை அடக்கும் அமைப்பை) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. மீஞ்சூர்ப் பக்கம் போகும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு மண்டலமா (அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத இடமா) என்று பார்த்துவிட்டுப் போ.