கெட்டமைனும் ‘ஒரு மனசு’ம்: சென்னையில் சிகிச்சை தருபவர்கள் பகிர்ந்தவை

உளவியல் சிகிச்சையாளர், அடையாறு

மனச்சோர்வுக்குக் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றுகிறவர்களோடு சேர்ந்து, உள்ளே இருக்கும் பாகங்களோடு பேசுகிற ஐ.எஃப்.எஸ். முறையையும் கையாள்பவர்கள் அவரவர் கண்டதை இங்கே எழுதினால் புதிதாக வருபவர்களுக்கு உதவும். மருந்துக்கு முந்தைய அமர்வுகளிலிருந்து தொடங்குகிறேன். காரியம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் 1980-களில் வகுத்த முறை இது. ஒரு ஆளுக்குள் பல பாகங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, எதுவும் கெட்டது இல்லை என்பது அதன் அடிப்படை. ஆனால் ‘பாகம்’ என்று சொன்னால் வருகிறவர் முழிக்கிறார். அந்தச் சொல்லே நமக்குத் தேவையில்லை. ‘ஒரு மனசு போங்குது, ஒரு மனசு வேணாங்குது’ என்று தினமும் பேசுகிறவர்கள் நாம். அதையே பிடித்துக்கொண்டால் போதும். ஓயாமல் திட்டி வேலை வாங்குவது காவல் மனசு. வலி தாங்காதபோது ஓடிவந்து நள்ளிரவில் பிரியாணி ஆர்டர் போடுவது, குடிக்க வைப்பது, விடிய விடிய ரீல்ஸ் பார்க்க வைப்பது அணைக்கிற மனசு. இவை இரண்டும் சேர்ந்து மறைத்து வைத்திருப்பது பூட்டி வைத்த மனசு. அது பெரும்பாலும் சின்ன வயசில் நின்றுபோன குழந்தை.

மனச்சோர்விலேயே ஒரு காவல் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ‘எதுக்கு எந்திரிக்கணும்’ என்று படுக்க வைக்கிற மனசிடம், படுக்க வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகக் கேட்டால், ‘எந்திரிச்சாதான் மறுபடி அடி விழும்’ என்கிற மாதிரி ஒரு பதில் வரும். அதை விரட்ட மருந்து ஏற்றினால் அது இன்னும் இறுகிப் பிடிக்கும்.

குறைந்தது 3 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அந்த மனசு உடம்பில் எங்கே இருக்கிறது, அதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, தன் வேலையை விட்டால் என்ன நடக்கும் என்று அது பயப்படுகிறது. இந்தக் கேள்விகளைத் தாண்டி அதிகம் போக வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு ‘எரிச்சலா வருது’ என்று பதில் வந்தால் பேசுவது இன்னொரு காவல் மனசு. அதைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தொடர முடியும்.

சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள். திட்டுகிற மனசு ஆங்கிலத்தில் ‘ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்’ என்று பேசும். அதே ஆளுக்குள் பூட்டிக் கிடக்கும் மனசு ‘என்னிய உட்டுட்டுப் போவாத’ என்று சொந்த ஊர்ப் பேச்சில் வரும். பிறகு நாம் பேச வேண்டியதும் அந்தப் பேச்சில்தான். ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னால் திட்டுகிறவர்தான் மறுபடி வந்து உட்காருவார்.

அனுமதி விஷயத்தில் ஏமாற வேண்டாம். ‘நீங்க சொன்னா சரிங்க மேடம்’ என்பது அனுமதி இல்லை. பெரியவர்களுக்குத் தலையாட்டிப் பழகிய மனசு அது. ‘வேணாம்னு சொல்லணும்னா இந்த மனசு எப்படிச் சொல்லும்?’ என்று கேளுங்கள். ‘தலைவலி வரவெச்சிரும்’ ‘காலைல கிளம்ப விடாது’ என்று வரும் பதில்தான் நம்பத்தக்கது. ஏற்றுகிற நாள் காலையில் தலைவலி என்று அழைப்பு வந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு நாளைத் தள்ளிவையுங்கள்.

மயக்கவியல் மருத்துவர், கீழ்ப்பாக்கம்

மேடம் எழுதியதற்கு அடுத்த கட்டத்தை எழுதுகிறேன்.

வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடத்தில் நரம்பு வழியாக. 2000-ல் வந்த முதல் ஆய்விலிருந்து இந்த அளவுதான் அடிப்படை. 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி. ஒரு மில்லிக்கு 50 மி.கி. உள்ள குப்பி என்றால் 0.6 மில்லி. அதை நார்மல் சலைனோடு சேர்த்து 50 மில்லியாக்கி, சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 75 மில்லி வேகம். மில்லிக்கு 10 மி.கி. உள்ள குப்பிகளும் உண்டு. ஒன்றை இன்னொன்றாக எண்ணினால் அளவு ஐந்து மடங்கு மாறும். குப்பியின் லேபிளை இரண்டு பேர் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். சொட்டுக் கணக்கில் கையால் ஏற்றவே வேண்டாம். கை மடங்கினால் நிற்கும், நிமிர்த்தினால் ஒரேயடியாக ஓடும். அந்த ஓட்டத்தில்தான் ஆள் பயந்துபோகிறார்.

திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்தம், தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை சரி. படுக்கும் முன் கழிப்பறை போய்வரச் சொல்லுங்கள். சாதாரண விஷயம், ஆனால் முட்டுகிற சிறுநீர்ப்பையோடு உள்ளே போகிறவருக்கு 40 நிமிடமும் அதுவேதான். தொடங்கும்போதே ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருந்தால் ஒத்திவைத்துக் காரணம் பாருங்கள். கெட்டமைன் அதை இன்னும் ஏற்றும். முதல் 40 நிமிடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தம், ஆக்சிஜன் அளவும் இதயத் துடிப்பும் தொடர்ந்து. குமட்டலுக்கு ஆன்டான்செட்ரான் 4 மி.கி. கையில் இருக்கட்டும். தாங்க முடியாத பயம் வந்தால் பம்பை நிறுத்துங்கள், 10, 15 நிமிடத்தில் தணியத் தொடங்கும். உடனே மிடசோலாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைத் தேடி ஓட வேண்டாம். அது கடைசி வழி, பயத்தோடு சேர்த்து வேலையையும் மழுங்கடிக்கும். தினமும் பென்சோடயசெப்பின் தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கெட்டமைனின் பலன் குறையலாம் என்பதால் மனநல மருத்துவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது, வலிப்பு வரலாம்.

பலர் கவனிக்காத ஒன்று மானிட்டரின் ‘பீப்’. அப்பாவையோ அம்மாவையோ ஐ.சி.யூ.வில் இழந்தவருக்கு அந்தச் சத்தம் போதும், நேராக அந்த வார்டுக்குப் போய்விடுவார். துடிப்பு ஒலியை அணையுங்கள், அபாய ஒலியை மட்டும் விடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் சில விநாடிகளில் பம்ப் பேட்டரியில் ஓடுகிறதா என்று காலையிலேயே சோதியுங்கள்.

கெட்டமைன் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்குத் தருவது லேபிளைத் தாண்டிய பயன்பாடு என்று சம்மதப் படிவத்தில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். அது கடும் கட்டுப்பாடு உள்ள அட்டவணை எக்ஸ் மருந்து, போதைப்பொருள் சட்டத்திலும் உண்டு. ஏற்றியதும் மிச்சத்தைக் கொட்டியதும் பதிவேட்டில் மில்லிக் கணக்கில் ஏற வேண்டும்.

செவிலியர், வடபழனி

அந்த 40 நிமிடத்தில் எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்கிறேன். கேள்வி கேட்கக் கூடாது. ‘இப்ப என்ன தெரியுது, எந்த மனசு வந்திருக்கு’ என்று தோண்டினால், பதில் சொல்வதற்காகக் காவல் மனசு எழுந்து உட்கார்ந்துவிடும். முன்னாலேயே பேசி வைத்த ஒரு வாக்கியம் போதும். ‘இங்கதான் இருக்கேன், நீங்க பத்திரமா இருக்கீங்க.’ தொடலாமா, எங்கே தொடலாம் என்பதும் முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் கேட்டு வாங்கும் சம்மதம் செல்லாது.

வெளிச்சம் படாமல் கண்பட்டை கட்டியிருப்பதால் முகம் தெரியாது, கையைப் பார்க்கப் பழகுங்கள். பெருவிரல் விரிப்பின் ஓரத்தை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். 25, 30 நிமிட வாக்கில் திடீரென்று நின்று உள்ளங்கை மேல்பக்கமாகத் திறக்கும். அந்த நிமிடத்தைக் குறித்துவைத்துச் சிகிச்சையாளரிடம் கொடுங்கள். மறுநாள் பேசும்போது அவர்களுக்கு அது கைப்பிடி மாதிரி.

பாட்டு: சினிமாப் பாட்டு வேண்டாம், வார்த்தை உள்ள எதுவும் வேண்டாம். பல்லவி வந்ததுமே கல்லூரி, கல்யாணம், பிரிந்த ஆள் என்று கதை ஓடிவிடும். பக்திப் பாட்டும் அப்படியே, இழவு வீட்டில் கேட்டதாக இருக்கலாம். தாளம் இல்லாத புல்லாங்குழலோ வீணையோ குறைந்த சத்தத்தில். ஏ.சி. 25-ல், போர்வை கட்டாயம்.

வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவை மறந்துவிடாதீர்கள். மகள் குழந்தைக் குரலில் அழுவது கதவு வழியே கேட்டால், ‘எம்பொண்ணுக்குள்ள எது வந்து பேசுது’ என்று பதறுவார். அடுத்த நாள் யாராவது மந்திரிக்கக் கூட்டிப்போகச் சொல்லியிருப்பார்கள். ஏற்றும் முன்பே ஐந்து நிமிடம் அவரிடம் பேசுங்கள். ‘வேற யாரும் வரல அம்மா, அவங்க சின்ன வயசு துக்கம்தான் பேசுது’ என்று. புரிந்துகொள்வார்கள். நாம் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை.

2 மணி நேரம் கவனிப்பில் வைத்து, நடக்கவைத்துப் பார்த்து, துணையோடு மட்டுமே அனுப்ப வேண்டும். மறுநாள் காலைவரை வண்டி ஓட்டக் கூடாது. ஆட்டோவை விடக் கார் நல்லது. குலுக்கலில் வாந்தி வரும், கூடவே ஒரு பை கொடுத்தனுப்புங்கள்.

மனநல மருத்துவர், அண்ணா நகர்

யாருக்கு வேண்டாம் என்பதையும் சேர்க்கிறேன். மனச்சிதைவு, இப்போது மேனியா என்ற மிதமிஞ்சிய எழுச்சி நிலையில் இருப்பவர், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் வீக்கம், கர்ப்பம், போதைப் பழக்கம் ஓயாதவர். உள்ளே பல மனசு என்று பேசத் தொடங்கியதும் ‘அந்தக் குரல் வெளியிலிருந்து வருது’ என்று சொல்பவரிடம் இந்த முறையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கெட்டமைனின் பலம் வேகம்: சில மணி நேரத்தில் தெரியும். பலவீனமும் அதுவே, ஒரு தடவை ஏற்றினால் ஒரு வார வாக்கில் கரையும். அதனால்தான் 2, 3 வாரத்தில் 6 முறை என்று தருகிறோம். கெட்டமைனையும் ஐ.எஃப்.எஸ். முறையையும் இணைப்பதற்குப் பெரிய ஆய்வுச் சான்று இன்னும் இல்லை, நோயாளியிடம் அதை நேராகச் சொல்லிவிட வேண்டும். ‘எக்ஸ்டசி’ எனப்படும் எம்.டி.எம்.ஏ.வைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் ஆய்வுகளை நடத்தியவர்களில் முக்கியமானவரான மைக்கேல் மித்தோஃபர் ஐ.எஃப்.எஸ். பயின்றவர். இணைப்புக்கான எண்ணம் பெரிதும் அந்த வழியாகப் பரவியது. ஆனால் அந்த மருந்தை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்துவிட்டது. போதைக் காளானில் உள்ள சைலோசைபினில் 2022-ல் வந்த 233 பேர் ஆய்வில், 25 மி.கி. ஒரே முறை எடுத்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் 3 வாரத்தில் சராசரியாக 12 புள்ளி குறைந்தது, 1 மி.கி. எடுத்தவர்களுக்கு 5.4. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இந்த இரண்டு மருந்துகளையும் எழுதித்தரலாம். இந்தியாவில் இரண்டுமே தடை.

முதுகலை மாணவி, சேப்பாக்கம்

டாக்டர், கொடைக்கானல் போதைக் காளான் எடுத்துவிட்டு வீட்டில் தாங்களே மனசோடு பேசிப் பார்க்கிறோம் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மனநல மருத்துவர், அண்ணா நகர்

வேண்டாம் என்று சொல்லுங்கள்மா, காரணத்தோடு சொல்லுங்கள். ஆய்வில் கொடுப்பது அளந்த 25 மி.கி. காளானில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்றுக்கொன்று மாறும், இனம் மாறிப்போனால் கல்லீரல் போகும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மாத்திரையில் இருப்பவருக்கு விளைவு மங்கும், ‘ஒண்ணும் ஆகலையே’ என்று இன்னொரு பங்கு எடுப்பார். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரையில் இருப்பவருக்கு வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. சட்டம் தனி. எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டு திறந்தபின் பக்கத்தில் இருப்பது அதே போதையில் உள்ள நண்பன். அந்தக் குழந்தை அழும்போது தூக்க ஆள் இருக்காது. ஏற்கெனவே எடுத்துவிட்டு வருபவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்.

உளவியல் சிகிச்சையாளர், அடையாறு

ஏற்றியபிறகு நடப்பதை எழுதி முடிக்கிறேன். உண்மையான வேலை அடுத்த 24-லிருந்து 72 மணி நேரத்துக்குள். காவல் மனசு தளர்ந்திருக்கும், மருந்தின் மிதப்பு போயிருக்கும். முதலில் பேச வேண்டியது காவல் மனசிடம்: ‘நேத்து வழிவிட்டியே, எப்படி இருந்துச்சு?’ நேராகக் குழந்தையிடம் ஓடினால் காவல் மனசு அவமானப்பட்டுவிடும்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை திருப்பி அடி வரும். மருந்தின் பலன் கரைவதும், வழிவிட்ட காவல் மனசு பயந்து மொத்தமாகத் திரும்புவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ‘அவ்ளோ காசு கொட்டியும் நீ தேறலையே’ என்ற குரல் அப்போதுதான் கேட்கும். அணைக்கிற மனசு சாவைப் பற்றியும் பேசலாம். அதனால் ஒவ்வொரு ஏற்றலுக்கு முன்பும் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தை நிரப்பவைத்து, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள், மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அழையுங்கள். வீட்டில் யார், மாத்திரை டப்பா யாரிடம் என்பது எழுத்தில் இருக்கட்டும். இரவில் அழைக்க அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவர் போனிலேயே சேமித்துக் கொடுங்கள்.

பூட்டி வைத்த மனசு இத்தனை நாள் தாங்கிய வலியை விடுகிற ‘சுமை இறக்கும்’ கட்டத்தில், அதைக் காற்று, நீர், நெருப்பு, மண் ஏதாவது ஒன்றிடம் கொடுக்கச் சொல்வது இந்த முறையின் வழக்கம். சென்னையில் எல்லோரும் கடலைத்தான் சொல்வார்கள், நாமும் பழக்கத்தில் ‘பெசன்ட் நகர் கடலில் விடுங்கள்’ என்று எடுத்துக்கொடுத்துவிடுவோம். அதைச் செய்யாதீர்கள். 2004 சுனாமியில் ஆளை இழந்தவரும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடியில் இரண்டு இரவு நின்றவரும் நம் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்குத் தண்ணீர் எதையும் வாங்கிக்கொள்ளாது. எங்கே இறக்க என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள். பாட்டி வீட்டு அடுப்பு, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி என்று அதுவே இடம் காட்டும்.

அடுத்த ஏற்றலுக்கு முன் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும், ஆறு முறையும். நான்காவதற்கு வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னால் மருத்துவரிடம் சொல்லி இரண்டு நாள் தள்ளி வாங்குங்கள். அந்த இரண்டு நாளில் அதோடு மட்டும் உட்காருங்கள்.