சுதர்சன சக்கரம்: நாடு முழுவதற்கும் வான்கவசம் சாத்தியமா?

அரிமா: 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்த சுதர்சன சக்கரத் திட்டம், 2035-க்குள் ராணுவ நிலைகளோடு மருத்துவமனை, ரயில்வே, வழிபாட்டுத் தலம் வரை எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு அளிக்கும் என்கிறது. இதை வெற்றுப் பேச்சு எனச் சிலர் தள்ளிவிடுவது சரியல்ல. அறிவிப்பு வந்த எட்டாம் நாளே, ஒடிசா கடற்கரையில் இருவகை ஏவுகணைகளும் ஒரு லேசர் ஆயுதமும் ஒரே கட்டுப்பாட்டு மையத்தின்கீழ் இயங்கி, மூன்று இலக்குகளை ஒரே நேரத்தில் வீழ்த்தின.

தென்கரையான்: மூன்று இலக்குகள், அதுவும் எப்போது வரும் என்று தெரிந்த இலக்குகள்! ரஷ்யாவிடம் வாங்கிய எஸ்-400 என்ற வான்காப்பு அமைப்பின் ஏவுகணை நானூறு கிலோமீட்டர் பாயும் என்பதை வைத்து வரைபடத்தில் வட்டம் போடுகிறவர்கள், பூமி உருண்டை என்பதை மறந்துவிடுகிறார்கள். பத்து மீட்டர் உயரக் கம்பத்தில் நிற்கும் ராடாருக்கு, நூறு மீட்டர் உயரத்தில் வரும் டிரோன் சுமார் ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தென்படும். அதற்கப்பால் ஏவுகணையின் வீச்சு எவ்வளவு இருந்தும் பயனில்லை. தவிர, 2018-இல் ஒப்பந்தமான ஐந்து எஸ்-400 தொகுதிகளே உக்ரைன் போரால் தாமதமாயின. மலிவான டிரோன்களை அலை அலையாக அனுப்பி, விலையுயர்ந்த ஏவுகணைகளைத் தீர்க்கவைப்பதுதான் இன்றைய எதிரியின் கணக்கு.

அரிமா: அந்தக் கணக்குக்கு விடை 2025 மே மாதத்திலேயே கிடைத்துவிட்டது, நண்பரே. பாகிஸ்தான் அனுப்பிய டிரோன்கள் பலவற்றை வீழ்த்தியவை, புதிய கண்ணும் கட்டுப்பாடும் பொருத்தப்பட்ட எல்-70 என்ற பழைய 40 மில்லிமீட்டர் பீரங்கிகள். பல ராடார்களின் தகவலை ஒன்றுதிரட்டி, எந்த இலக்கை எந்த ஆயுதம் எதிர்கொள்வது என்பதை விரைந்து தீர்மானிக்க உதவியது ஆகாஷ்தீர் வலையமைப்பு. 2023-இல் அதற்கான ஒப்பந்தம் சுமார் 1,982 கோடி ரூபாய்தான். தொலைவுக்கும் இலக்குக்கும் ஏற்ப வெவ்வேறு ஆயுதங்களை நிறுத்தும் அடுக்குமுறை என்பதன் பொருளே விலைக்கேற்ற விடைதான்.

தென்கரையான்: பீரங்கியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே காக்கும். எனவே ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக வேண்டும். மேற்கு எல்லையில் படைகள் குவிந்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. கூடங்குளமும் கல்பாக்கமும் கடலை ஒட்டியவை. அங்கே கடல் பக்கம் தள்ளித் தரை ராடார் நிறுத்த இடமேது? தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணையைத் தொலைவிலேயே காண நேத்ரா போன்ற வான்வழி ராடார் விமானங்கள் வேண்டும், நம்மிடம் இருப்பவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. முதலில் அவற்றுக்குப் பணம் ஒதுக்கட்டும், லேசரைப் பிறகு பார்க்கலாம்.