அப்பாவுக்கு சிபாப் மாஸ்க் ஒத்துக்கொள்ளவில்லை, தடைக்காலம் முடிவதற்குள் பழக்க முடியுமா?

பாம்பன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 54 வயது, ராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓட்டுகிறார். அவர் குறட்டை எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அது நடுவில் நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக் காற்றே போகாமல் கிடந்து, திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு விழிப்பதை அம்மாதான் முதலில் கவனித்துச் சொன்னார். மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி தங்கவைத்துத் தூக்கப் பரிசோதனை எடுத்தோம். மணிக்கு 42 தடவை மூச்சு தடைபடுகிறது, கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்று ரிப்போர்ட் வந்தது. தூங்கும்போது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்புகிற சிபாப் மிஷினை டாக்டர் எழுதிக்கொடுத்தார், கடன் வாங்கித்தான் வாங்கினோம்.

பிரச்சினை மாஸ்க்தான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் கொடுத்தார்கள், முகத்தை அளந்துகூடப் பார்க்கவில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் காற்று அடிக்கிறது என்கிறார், வாரை இறுக்கினால் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகிறது. நடு ராத்திரியில் குழாய்க்குள் தண்ணீர் களகளவென்று சத்தம் போடுகிறது. அப்புறம் தூக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிடுகிறார், காலையில் கேட்டால் கழற்றிய ஞாபகமே இல்லை. "இதைப் போட்டா மூச்சு முட்டுதுப்பா, எனக்கு வேண்டாம்" என்கிறார்.

ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்குப் பிறகு காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. போன சீசனில் சுக்கானைப் பிடித்தபடியே கண் அசந்திருக்கிறார், கூடப் போகிற அண்ணன்தான் தட்டி எழுப்பியிருக்கிறார். நம் கடலில் டிரைவர் அசந்தால் படகு எங்கே போய் நிற்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்க் போட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் யாராவது இருந்தால் எப்படிப் பழகினீர்கள் என்று சொல்லுங்கள். கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு அடைத்துவிடுமோ என்று அம்மா வேறு பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கீழக்கரையான்:

தம்பி, முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள். மூக்கு வாய் இரண்டையும் மூடுகிற மாஸ்க்கில் குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும், மிஷின் காற்று நின்றதும் அது தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். மூச்சு அடைக்காது. மிஷினை அணைத்துவிட்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அவர்கள் கண் முன்னாலேயே மூச்சு விட்டுக் காட்டுங்கள், பயம் போய்விடும். வெளிமூச்சு போவதற்கென்று பொடிப் பொடியாக ஓட்டைகள் இருக்கும் பாருங்கள், அதில் காற்று வருவது கசிவு இல்லை, அதை யாரும் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டாம்.

நானும் கடுமையான கேஸ்தான், பல வருடமாக மாஸ்க் இல்லாமல் தூங்குவதில்லை. நீங்கள் சொல்கிற கண்ணில் காற்று, மூக்கில் புண் இரண்டும் ஒரே காரணத்தால் வருகிறது. மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டுகிற சிலிக்கான் குஷன் அளவு சரியில்லை. அளவு சரியில்லாத மாஸ்க்கை எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இன்னும் சொன்னால் இறுக்க இறுக்க சிலிக்கான் மடங்கிப்போய் அதிகமாகவே கசியும். அந்த மெல்லிய ஓரம் காற்றில் உப்பி முகத்தில் படிய வேண்டும், அதற்கு இடம் விட வேண்டும். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் லேசாக நுழைகிற அளவு இருந்தால் போதும்.

கடையில் நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டுப் பார்ப்பது உதவாது. படுத்தால் கன்னமும் தாடையும் வேறு மாதிரி சரியும். அப்பாவைப் படுக்கவைத்து, மிஷினை ஓடவிட்டு, அவர் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவாரோ அந்தப் பக்கம் சாயவைத்து, அப்போது வாரைச் சரிசெய்யுங்கள். கண்ணுக்குள் காற்று வந்தால் மாஸ்க்கை ஒரு தடவை முகத்திலிருந்து லேசாகத் தூக்கித் திரும்ப வையுங்கள், குஷன் தானாக உட்கார்ந்துகொள்ளும். மீசை அடர்த்தியா? மீசை இருந்தால் மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க்கோ, மூக்குத் துவாரத்தில் லேசாகச் செருகுகிற வகையோ சரிப்படலாம். ஆனால் வாயைத் திறந்து தூங்குகிறவர் என்றால் மூக்கு வழியாகப் போகிற காற்று வாய் வழியாக வெளியே வந்துவிடும், அதனால் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பழகுவதற்கு நான் சொல்வது இதுதான். ராத்திரி தூக்கம் வரும் நேரத்தில் முதல் தடவையாக மாட்டிவிட்டால் மனது எதிர்த்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் டிவி பார்க்கும்போது, வலை பின்னும்போது, சும்மா மாஸ்க்கை மட்டும் போட்டுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். அப்புறம் காற்றோடு. தடைக்காலத்தில் வீட்டில் இருக்கிறார், வலை வேலை பார்க்கிறார், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எனக்கு நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுந்து பிறகு ஃபஜ்ர் முடித்துத் திரும்பப் படுக்கும்போதுகூட மாஸ்க் போடாமல் கண்ணை மூட முடியாது என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

தொண்டி நண்பன்:

என் மாமா 15 கிலோ எடை குறைத்தார், மிஷினே வேண்டாம் என்று ஆகிவிட்டது. உங்கள் அப்பாவையும் காலையில் நடக்கச் சொல்லுங்கள், பிராணாயாமம் செய்யச் சொல்லுங்கள். அதுவரை தூக்கம் கலையாமல் இருக்க டாக்டரிடம் கேட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமே.

மண்டபம் அக்கா:

தொண்டி தம்பி, தப்பாக நினைக்காதீர்கள், அந்த மாத்திரை யோசனையை மட்டும் இங்கே யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்க மாத்திரை பலவும், சாராயமும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், மூச்சு நின்றால் உடம்பு விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும். எங்கள் வீட்டுக்காரருக்கு டாக்டர் முதலில் சொன்னதே இதுதான். எடை குறைப்பது ரொம்ப நல்லது, நடக்கட்டும், ஆனால் குறைந்த பிறகு திரும்பப் பரிசோதனை எடுத்து டாக்டர் சொன்னால்தான் மிஷினை நிறுத்த வேண்டும். அதுவரை மாஸ்க் போட்டே ஆகணும்.

பாம்பன் தம்பி, உங்கள் அம்மா ராத்திரியெல்லாம் எப்படிக் கிடக்கிறார் என்று எனக்குத் தெரியும். மூச்சு நிற்கும்போது நமக்கும் மூச்சு நின்றுவிடும். அடுத்த இழுப்பு வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே படுத்திருப்போம். இப்போது அவர் தூங்குகிறார், நானும் தூங்குகிறேன். பிரஷர் மாத்திரை போட்டும் இறங்காமல் இருந்த ரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பாவை வற்புறுத்த அவருக்குத்தான் உரிமை.

தண்ணீர்ச் சத்தத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் சொட்டுகிறது, அதில் மிஷின் காற்றுக்கு ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையரை 5-இல் வைத்தால் என்ன ஆகும்? சூடான ஈரக் காற்று குழாயில் வரும்போது, மேலே ஃபேனோ ஏசியோ குழாயைக் குளிரவைத்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீராக நிற்கும். 1-க்கோ 2-க்கோ இறக்குங்கள், தொண்டை வறளவில்லை என்றால் அணைத்தே வைக்கலாம், நாங்கள் ஐப்பசி கார்த்திகை மழையில் அப்படித்தான் வைக்கிறோம். குழாய்க்குப் பழைய வேட்டித் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டேன், ஃபேன் காற்று நேரே படுவதில்லை. தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மெடிக்கலில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படியும், காவிரித் தண்ணீரும் வேண்டாம். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

அப்புறம் குஷனைத் தினமும் காலையில் லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் சிலிக்கான் கெட்டுப்போகும். படுக்கப் போகுமுன் முகத்தைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள், வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் மாஸ்க் வழுக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், அதை நிறுத்தியதும் கசிவு பாதி குறைந்தது. பின்பக்கம் இருக்கிற ஃபில்டரை வாரம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், மணலும் உப்பும் சேர்ந்து நம் ஊரில் சீக்கிரம் கறுத்துவிடும்.

தேவிபட்டினம் டெக்னீஷியன்:

சொந்த ஊர் தேவிபட்டினம், வேலை மதுரையில், தூக்கப் பரிசோதனை எடுக்கும் இடத்தில். அப்பா "மூச்சு முட்டுது" என்று சொல்வதை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம், அது உண்மையாகவே அப்படித்தான் இருக்கும். தூங்கும்போது நாக்கின் அடிப்பக்கமும் உள்நாக்குப் பகுதியும் தளர்ந்து பின்னால் விழுந்து வழியை அடைக்கின்றன, மிஷின் அறைக் காற்றையே அழுத்தத்தோடு அனுப்பி அந்த வழியைத் திறந்து வைக்கிறது. நிறையப் பேர் நினைப்பது போல இது ஆக்ஸிஜன் மிஷின் இல்லை. விழித்திருக்கும்போது வழி திறந்துதான் இருக்கிறது, அந்த நேரத்தில் முழு அழுத்தமும் வந்தால் எதிர்க்காற்றில் மூச்சு விடுகிற மாதிரி திணறும். இதற்குத்தான் ரேம்ப் என்று ஒரு வசதி இருக்கிறது. அழுத்தம் 4-இல் ஆரம்பித்துத் தூங்கத் தூங்க மெதுவாக ஏறும். வெளிமூச்சு விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துகிற வசதியும் உண்டு. இரண்டும் போட்டிருக்கிறதா என்று டாக்டரிடமோ மிஷின் கொடுத்தவரிடமோ கேளுங்கள். அழுத்த எண்ணை நீங்களாக மாற்றாதீர்கள்.

தூக்கத்தில் தெரியாமலே கழற்றுவது பெரும்பாலும் கசிவினாலோ, அழுத்தம் போதாமல் மூச்சு திரும்ப அடைபடுவதாலோ வருகிறது. மூக்கடைப்பும் காரணமாக இருக்கும், படுக்குமுன் உப்புநீர் ஸ்ப்ரே போட்டுப் பாருங்கள். மிஷின் திரையில் காலையில் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை மணி நேரம் போட்டார், கசிவு எவ்வளவு, மாஸ்க் போட்டும் மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது என்கிற ஏ.ஹெச்.ஐ. அந்தக் கடைசி எண் 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். காலையில் வயிறு உப்பி ஏப்பம் வந்தால் அதையும் சொல்லுங்கள், காற்றை விழுங்குகிறார் என்று அர்த்தம், சரிசெய்யலாம்.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர் 1981-இல் இந்த வைத்தியத்தை முதலில் வெளியிட்டார். ஆரம்ப கால நோயாளிகளுக்கு வேக்குவம் கிளீனர் மோட்டாரில் காற்று அனுப்பி, மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். அதையும் போட்டுக்கொண்டு தூங்கினார்கள், ஏனென்றால் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள். இன்று எத்தனையோ வகை, எத்தனையோ அளவு இருக்கிறது, ஒன்று சரியில்லை என்பதற்காக வைத்தியத்தையே விட வேண்டியதில்லை.

கடல் விஷயம். படகில் மிஷின் வைக்கலாமா என்று கேட்பீர்கள். பேட்டரியில் ஓட்ட அந்தந்த மிஷினுக்கு உரிய கன்வெர்ட்டர் கிடைக்கும், சில மாடலுக்கு 12 வோல்ட், சிலதுக்கு 24. ஆனால் உப்புத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில், டீசல் புகைக்கு நடுவில் அதை ஓட்டினால் அந்தக் காற்றையேதான் அவர் நெஞ்சுக்குள் அனுப்பும், மிஷினும் சீக்கிரம் போய்விடும். நான் சொல்வது, கடலுக்குப் போகும் முந்தின ராத்திரி முழுத் தூக்கம் மாஸ்க்கோடு. கரைக்கு வந்து பகலில் படுப்பாரே, அதுவும் மாஸ்க்கோடு. மூச்சு அடைக்கிறதுக்கு ராத்திரி பகல் கிடையாது, கடல் தொழில்காரர்கள் பகல் தூக்கத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. படகில் கொஞ்ச நேரம் சாய்ந்தாலும் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கட்டும். முக்கியமாக, ஒரு ராத்திரி மாஸ்க் விட்டாலும் மறுநாள் அசதி திரும்ப வரும் என்பதால் சுக்கான் பிடிக்கத் தெரிந்த இன்னொருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும், கண் சொருகினால் வெட்கப்படாமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். இதைப் படகு உரிமையாளரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.

பாம்பன்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரிடம் போனில் பேசி, மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க்கில் மூன்று அளவு குஷன் வாங்கி வந்து அப்பாவைப் படுக்கவைத்துப் போட்டுப் பார்த்தோம், நடுத்தர அளவு கசியாமல் உட்கார்ந்தது. வாய் திறக்காமல் இருக்கத் தாடைப் பட்டையும் கொடுத்திருக்கிறார்கள். ரேம்ப் போடவே இல்லையாம், இப்போது போட்டுக் கொடுத்தார்கள். நேற்று ராத்திரி கழற்றவில்லை, அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். படகு உரிமையாளரிடமும் சொல்லிவிட்டேன், இன்னொருவரைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். அப்பா கட்டிலில் படுக்க மாட்டார், தரையில் பாய்தான். மிஷினை எங்கே வைப்பது? வீட்டு இன்வெர்ட்டரில் போடலாமா?

கீழக்கரையான்:

மாஷா அல்லாஹ், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. தரையில் வைத்தால் மணலையும் தூசியையும் இழுக்கும், கால் சின்னதாக இருக்கிற முக்காலி ஒன்றில் வையுங்கள், ஃபேனுக்கு நேராக வேண்டாம். ஆனால் மிஷின் தலையைவிட உயரத்தில் இருந்தால் குழாயில் சேரும் தண்ணீர் மூக்குப் பக்கம் இறங்கும், அதனால் பாயில் படுக்கிறவருக்கு ஹியூமிடிஃபையரை அணைத்துத் தொட்டியைக் காலியாக வைப்பதுதான் பத்திரம். தண்ணீரோடு மிஷினைத் தூக்கி நகர்த்தவே கூடாது, உள்ளே போய்விடும்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள், பழைய ஸ்கொயர் வேவ் என்றால் அடாப்டர் சூடாகும், மாட்ட வேண்டாம். ஹியூமிடிஃபையர் இல்லாமல் மிஷின் 30 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும், நல்ல நிலையில் இருக்கிற 150 ஏ.ஹெச். பேட்டரி ஒரு ஃபேனையும் சேர்த்து ராத்திரி முழுக்கத் தாங்கும். ராமேஸ்வரம் பக்கம் 2024 நவம்பரில் கொட்டிய மாதிரி மழை வந்தால்தான் சிக்கல், அதற்கு ஐப்பசி பிறக்குமுன்னே பேட்டரித் தண்ணீர் அளவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.