எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், அம்மாவுக்குக் கை தூக்க முடியவில்லை

முறிகண்டி மகள்:
அம்மா முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் வறுத்து விற்கிறார். விடிய ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினால், கொதிக்கும் மணலுக்குள் கச்சானைக் கொட்டி வலக்கையால் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். நான்கு மாதமாக அந்தத் தோள் நோகிறது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. தலைமுடியையும் நானே பின்னிவிடுகிறேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் குறையில்லையாம். அன்றிலிருந்து அம்மா, "படமே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது, பிறகென்ன" என்று நோவை வெளியே சொல்வதில்லை. இப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். அது பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றைப் பார்ப்பதல்லவா? எம்.ஆர்.ஐ. எடுப்பதே நல்லது என்கிறார் மாமா. 2009 போரில் பட்ட எறிகணைச் செல் துண்டு ஒன்று அம்மாவின் முதுகில் இன்னும் கிடக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
தங்கச்சி, எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். உடம்பில் இரும்பு கிடந்தால் அது அசையவும் சூடேறவும் கூடும். செல் துண்டு இருப்பதைச் சொல்லாமல் அம்மாவை அதற்குள் படுக்க விடாதீர்கள். என் முழங்காலிலும் இரண்டு துண்டு இருக்கின்றன. அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் காந்தமுமில்லை, கதிருமில்லை. வெறும் ஒலிதான்.

ஸ்கான் அறையில் நின்றவன்:
மகள், நான் பல வருடம் ஸ்கான் அறையில் உதவியாளராக இருந்தவன். அம்மாவின் கையைத் தூக்கிவிடுவது தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள். அவை கிழிந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கானில் தெரியும். எலும்பு ஒலியைத் திருப்பி அடித்துவிடும். அதனால் திரையில் அது ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே இருட்டு. எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று இதால் பார்க்க முடியாது. அதன்மேல் கிடக்கும் தசைநாரையும், மூட்டில் கோத்த நீரையும் நன்றாகப் பார்க்கலாம்.

வயிற்றுக்கு வைப்பது 3 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலி அனுப்பும் கருவி, அந்த ஒலி ஆழமாகப் போகும். தோளுக்குப் பெரும்பாலும் 10 மெகாஹேர்ட்ஸுக்கு மேல். ஆழம் குறைவு, நுணுக்கம் அதிகம். பட்டினி கிடக்க வேண்டாம், சிறுநீரை அடக்கவும் வேண்டாம். தோளைத் திறந்து காட்ட வசதியான சட்டை போதும்.

குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கையைப் பின்னால் இடுப்பில் வைக்கச் சொல்வார்கள். எலும்புக்கு அடியில் மறைந்திருக்கும் நார் அப்போதுதான் வெளியே வரும். நோகும். நோகிற இடத்தை அம்மா வாய்விட்டுச் சொல்லட்டும், கருவி அங்கேதான் போக வேண்டும். நிறையப் பேர் அந்த இடத்தில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இடது தோளையும் காட்டுங்கள். இந்தச் சோதனை பார்ப்பவரின் பழக்கத்தில் தங்கியிருக்கிறது. மூட்டு ஸ்கான் பார்த்துப் பழகியவரா என்று கேட்பதில் தப்பில்லை.

ஒருமுறை பனைமட்டைச் சிராய் உள்ளங்கையில் ஏறிய ஒருவர் வந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஸ்கானில் அது வெள்ளைக் கீற்றாகக் கிடந்தது.

முறிகண்டி மகள்:
நேற்றுப் போய் வந்தோம். வைத்தியர் திரையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பட்டை போல ஓடிய நாருக்குள் கடுகளவு கறுப்பு. பாதி கிழிந்திருக்கிறதாம். இப்போதைக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை, பயிற்சி செய்ய வேண்டும், கிண்டுவதை நிறுத்த வேண்டும். அம்மா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று விடிய அடுப்படியில் நான் நின்றேன். இரவு, நான் கேட்காமலே, "இன்றைக்கு நோவு கொஞ்சம் கூட" என்றார்.