ஏற்றத்தில் இழுக்காத டீசல் பிக்அப்: ஹை பிரஷர் பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

பழையவண்டி (கேள்வி)
வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காமன் ரெயில் டீசல் பிக்அப் (ரெயில் என்கிற ஒரே குழாயில் பிரஷரோடு நிற்கும் டீசல்தான் எல்லா இன்ஜெக்டருக்கும் போகும்; சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுவது இன்ஜெக்டர்). ராத்திரி முழுக்க நின்றால், காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. சூடான பிறகு சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட். லோடோடு மேட்டில் ஏறும்போது முழுசாக மிதித்தால் திடீரென்று இழுவை போய், செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0087 என்ற கோளாறு எண் (கோடு), அதாவது ரெயில் பிரஷர் குறைவு. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. டேங்கில் டீசல் குறைந்தால் தொல்லை கூடுகிறது. ஃபில்டர் புதிதாகப் போட்டாயிற்று. ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா பார்க்கலாம் என்கிறான் அவருடைய பையன். செலவு செய்யும் முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

டீசல்புகை
முதலில் அந்த நட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். பழைய மெக்கானிக்கல் பம்ப்பில் அது வழக்கம்தான். காமன் ரெயிலில் பிரஷர் 1,600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேல். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், ஆனால் ஆபரேஷன் வரை கொண்டுபோய் விடும்.

அப்புறம், பம்ப் போய்விட்டது என்பதை நான் இப்போதைக்கு ஏற்க மாட்டேன். தேய்ந்த பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் மக்கர் பண்ணும். சூடான டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியே நழுவும். உங்கள் வண்டியோ சூட்டில் சட்டென்று பிடிக்கிறது. ராத்திரி நின்றால் மட்டும் அடம் என்றால், லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். பி0087 ரெயிலில் பிரஷர் போதவில்லை என்று மட்டும்தான் சொல்லும். பம்ப்புக்கு டீசல் வந்து சேர்ந்ததா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

சாவியை ஆன் செய்ததும் டேங்குப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்கிறதா? இல்லையென்றால், ஹை பிரஷர் பம்ப்போடு சேர்ந்த சின்ன ஃபீட் பம்ப்தான் அத்தனை தூரத்திலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் லைனில் கீறல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓடும் வண்டிக்கு அடியில் ஈரத்தைத் தேடிப் பயனில்லை.

ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில், உள்ளே தெரிகிற டீசல் ஹோஸ் ஒரு சாண் போடுங்கள். காலையில் செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் அதையே பார்க்கட்டும். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழி பரவாயில்லை. விடாமல் வந்தால் ஃபில்டர் ஹெட், கையால் அழுத்தி டீசல் ஏற்றும் கைப்பம்ப், ஹோஸ் கிளிப் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மேட்டில் ஏறும்போது ஸ்கேனரில், இன்ஜின் கேட்கும் பிரஷரையும் ரெயிலில் உண்மையில் வரும் பிரஷரையும் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கட்டும்.

நாலுசக்கரம்
இன்ஜெக்டர் ரிட்டர்னையும், அதாவது இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் மிச்ச டீசலையும் பாருங்கள். ஒவ்வொரு ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐடிலில் ஓடவிடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் பிரஷர் அந்த வழியாகப் போகிறது. புது பம்ப் போட்டும் இதே கோடு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

பழையவண்டி
டேங்கில் மோட்டார் இல்லை. ஹோஸில் குமிழி விடாமல் வந்தது. ஃபில்டர் மேலே இருக்கும் கைப்பம்ப் ரப்பரில் மெல்லிய வெடிப்பு. விரலால் அழுத்தினால் வாய் திறக்கிறது. மாற்றியதும் காலை ஸ்டார்ட்டிங் சரியாகிவிட்டது. ரிட்டர்ன் நாலு பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் மேட்டில் இழுவை இன்னும் போகிறது. கேட்கும் பிரஷர் ஏற ஏற, வரும் பிரஷர் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

டீசல்புகை
அப்படியானால் இரண்டாவது நோய் டேங்கில் இருக்கலாம். உறிஞ்சும் குழாயைக் கழற்றி, அடியில் உள்ள வலையைப் பாருங்கள். ஐடிலுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அடைப்பு தெரியாது. லோடில்தான் பற்றாக்குறை வரும்.

பழையவண்டி
அண்ணா, வலை முழுக்க கறுப்புச் சளி! அடியில் தண்ணீரும் நின்றது. டேங்கை இறக்கிக் கழுவி மாட்டினோம். அதே மேட்டில், அதே லோடோடு ஏறிவிட்டது. கோடு வரவில்லை.

டீசல்புகை
நல்லது. கழற்றிய பழைய ஃபில்டர் இருந்தால் அறுத்து, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் அழுக்கு. வெள்ளித்தூள் மாதிரி மின்னினால் தண்ணீர் பம்ப்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அப்போது பம்ப்போடு ரெயிலையும் இன்ஜெக்டரையும் பார்க்காமல் விடக்கூடாது. மின்னவில்லை என்றால் ஓட்டுங்கள். மிச்சச் சளி லைனிலிருந்து கிளம்பி வரும், அதனால் இப்போதைய ஃபில்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.